ரசித்துச் செய்தால் அது தொண்டூழியம் ஆகாதா?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். இதை வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். கெட்டுப்போன சாமானைத் திறந்து பார்ப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். அதற்கு அப்பாதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிய கையோடு என்னைச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்கு நடத்திக் கூட்டிப்போவார். ஓடாத ரேடியோ, கைப்பிடி உடைந்த இஸ்திரிப்பெட்டி என்று ஏதாவது ஒன்று இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். அம்மா மீன் கழுவி முடிப்பதற்குள் கூடத்தில் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்துப் போட்டுவிடுவோம். அந்தச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடினார்கள். மூடுவதற்கு முந்தின வாரம் போய் ஒரு பழைய மல்டிமீட்டர் வாங்கினேன். இன்றைக்கும் அதுதான் என் கையில்.

2022இல் எனக்கு ஓர் உறுத்தல் வந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தொண்டூழியத்துக்குப் போகிறார்கள், நான் மட்டும் ஷிஃப்ட் முடிந்தால் படுத்துவிடுகிறேன். ஓர் அமைப்பில் சேர்ந்து சனிக்கிழமைகளில் உணவுப் பொட்டலம் கட்டப் போனேன். அரிசி, எண்ணெய், பிஸ்கட், சார்டின் டின். அடுத்த பை. மறுபடி அரிசி, எண்ணெய். தேவையான வேலைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேலையிடத்திலும் வரிசை, அங்கேயும் வரிசை. நாலாவது வாரம் தலைவலி என்று சொல்லி நின்றேன், ஐந்தாவது வாரம் சொல்லாமலே நின்றேன். கொடி நாளுக்கு உண்டியலோடு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்றதும் ஒரே தடவையோடு சரி.

போன வருஷம் பக்கத்து வீட்டில் ஒரு மிக்ஸி நின்றுபோனது. தஞ்சாவூரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, பிளக்கை மட்டும் நம்மூர் மூன்று முனைக்கு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த மிக்ஸி. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். மாற்றிக் கொடுத்தேன். அந்தச் செய்தி லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போய்விட்டது. இப்போது வட்டாரவாசிகள் குழுவிடம் சொல்லி, மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். ஃபேன், ரைஸ் குக்கர், மேசை விளக்கு எல்லாம் வரும். காசு வாங்குவதில்லை, உதிரிப்பாகத்தின் விலையை மட்டும் அவர்களே தருவார்கள்.

சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நின்ற ஃபேன், கெப்பாசிட்டரை மாற்றியதும் சட்டென்று பிடித்துக்கொண்டு முகத்தில் காற்றை அடிக்கும் பாருங்கள், அந்த நொடிக்காக மாதம் முழுக்கக் காத்திருக்கிறேன். ஒரு ஞாயிறு கூட நான் தவறவிட்டதில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்து உட்கார்ந்த நாளும் உண்டு.

இதைப் போன மாதம் அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அக்கா 20 வருஷமாகக் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகிறவர். முதுகுவலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு போவார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அது உனக்குப் பொழுதுபோக்கு. உடம்பு வலிக்காம, மனசு வலிக்காம செய்றதுக்குப் பேரு சேவையா?" என்றார்.

நான் விடவில்லை. சிங்கப்பூரில் வருஷத்துக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது, எரித்த சாம்பலைக் கொட்டுகிற செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள், ஒரு ஃபேனைக் காப்பாற்றினாலும் கணக்கில் வராதா என்று கேட்டேன். "அந்தத் தீவை நினைச்சுக்கிட்டா நீ ஸ்க்ரூவைத் திருகுற?" என்றார். இல்லை. திருகும்போது எனக்குத் தீவு, கழிவு எதுவும் ஞாபகத்தில் இருப்பதில்லை. அந்தத் திருகல் மட்டும்தான்.

அக்கா பேச்சு அதோடு போயிருக்கும். ஆனால் அதற்கு முந்தின மாதம் நடந்த ஒன்று அதோடு சேர்ந்துகொண்டது. 11வது மாடியில் தனியாக இருக்கும் ஒரு சீன மூதாட்டி முதல் முறை ஒரு ஃபேனோடு வந்தார். "சூடா மாத்தி" என்றார், செத்துவிட்டது என்று மலாயில். பத்து நிமிஷத்தில் உயிர் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதம் அதே ஃபேனோடு மறுபடி வந்தார். பிளக்கில் மாட்டினால் நன்றாகவே சுற்றியது. எனக்கு அப்போது கையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கிடைத்திருந்தது, திறந்து பார்க்கிற அவசரம். "ஓகே ஆண்டி, ரோசாக் இல்லை", கெட்டுப்போகவில்லை என்று சொல்லி ஃபேனை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவர் லிஃப்டுக்குப் போயிருந்தார்.

அன்று நான் யாருக்காக உட்கார்ந்திருந்தேன்? அக்கா சொல்வது சரிதானோ? உங்களில் வருஷக்கணக்காகத் தொண்டூழியம் செய்கிறவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


நீர்த்தேக்க ஓட்டக்காரி எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வியை ரயிலில் படித்தேன், இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிவிட்டேன்.

நான் 2016இலிருந்து பார்வையற்றவர்களோடு வழிகாட்டியாக ஓடுகிறேன். ரன்னிங்ஹவர் என்று ஒரு குழு இருக்கிறது, 2009இல் தொடங்கியது. நான் சேர்ந்தது சேவை மனப்பான்மையில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓட்டம் பிடிக்கும், தனியாக ஓடப் பிடிக்காது. துணைக்கு ஆள் கிடைக்கும் என்றுதான் போனேன்.

ஒரு முழம் கூட இல்லாத கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒன்று என் கையில், ஒன்று அவர் கையில். கைவீச்சு ஒன்றாக வரவேண்டும். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. "மூன்றடியில் மேடு", "சைக்கிள் வலப்பக்கம்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகவேண்டும். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று சுற்றினால் 4.3 கிலோமீட்டர். என்னோடு ஓடுகிறவர் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர், அபாங் என்று கூப்பிடுவேன். தண்ணீர் இன்று என்ன நிறம், கரையில் கொக்கு நிற்கிறதா, எந்தச் செடி பூத்திருக்கிறது எல்லாம் அவருக்குச் சொல்லவேண்டும். அவருக்காகப் பார்க்கத் தொடங்கித்தான் நான் அந்த ஏரியையே பார்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் பெரிய மனக்கசப்பு. ஓடுகிற மனநிலையே இல்லை. ஆனால் அவர் காத்திருப்பாரே என்று போனேன். கடமைக்குத்தான் போனேன். அதை முகத்தில் காட்டவில்லை, காட்டினாலும் அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஒரு கிலோமீட்டர் கூட ஆகவில்லை, அபாங் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். "இன்னைக்கு நீ வேலைக்கு வந்திருக்க. கயிறு சொல்லுது. நான் உனக்கு வேலையா இருக்க வேணாம், வா, உட்கார்ந்து கோப்பி குடிப்போம்" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால், எதிரில் இருப்பவர் தன்னை ஒரு சுமையாக நினைக்கவேண்டி வருகிறது. நாம் ரசித்தால் அவரும் சமமாக நின்று ரசிக்கலாம். அதனால் உங்கள் சந்தோஷத்தை நீங்கள் குற்றமாக நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

ஆனால் ஆண்டி விஷயத்தில் உங்கள் மனசு உறுத்துவதும் நியாயம்தான். எங்கள் ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. பாராலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் வழிகாட்டி முதலில் கோட்டைத் தாண்டிவிட்டால் பார்வையற்ற வீரர் தகுதி இழப்பார். வழிகாட்டி எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும் அரையடி பின்னால்தான். அன்று நீங்கள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. அக்கா காய் நறுக்கும் இடத்துக்கு நீங்கள் என்றைக்காவது போயிருக்கிறீர்களா? ஒரு தடவை போய்ப் பாருங்கள்.


சிவகங்கைக்காரன் எழுதியது:

அண்ணே வணக்கம். நான் துவாஸ் பக்கம் தங்குவிடுதியில இருக்கேன், வந்து எட்டு வருசமாச்சு. வெல்டிங் வேலை. நீங்கல்லாம் குடுக்குற பக்கம் இருந்து பேசுறீங்க. வாங்குற பக்கம் இருந்து ஒண்ணு சொல்லட்டுமா.

எங்களுக்கு நெறையப் பேரு நல்லது செஞ்சிருக்காங்க. 2020ல விடுதியை விட்டு வெளிய வர முடியாம கெடந்தப்ப சாப்பாடு, சிம் கார்டு, முகக்கவசம் எல்லாம் வந்துச்சு. அதை மறக்க மாட்டேன். யாரு குடுத்தாங்கன்னு மட்டும் தெரியாது. பையில ஒட்டியிருந்த தாளைத்தான் பார்த்தோம்.

முகம் ஞாபகம் இருக்குறது ஒரே ஒருத்தரு. ஞாயித்துக்கெழமை நாங்க கேரம் ஆடுற எடத்துக்கு வருவாரு. இந்த ஊர்க்காரரு, கண்ணாடி போட்டவரு, பெரிய வேலையில இருப்பாரு போல. மொத நாளு வந்து "நானும் ஆடலாமா"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் பேச்சு. நாங்க சிவப்பைப் போட்டுட்டு பின்னாடியே ஒரு காயையும் போட்டு அவரை வெளுத்துட்டோம். பவுடர் போட்ட கையைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. இனிமே வர மாட்டாருன்னு நெனச்சோம். அடுத்த வாரமும் வந்தாரு. வீட்டுல பலகை வாங்கிப் போட்டுப் பழகிட்டு வந்திருக்காரு! அதுக்கப்புறம் ஒண்ணரை வருசம், மழை பேஞ்சாலும் வருவாரு. அவரு ஆசைக்குத்தான் வந்தாரு, அது எங்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் எங்களுக்குப் புடிச்சுது. எங்கூட இருக்குறவனுக்கு அடிபட்ட காசு வராம இழுத்தடிச்சப்ப, எங்க போய் யாரைப் பாக்கணும்னு சொல்லி கூடவே வந்தவரும் அவருதான். ஆட வந்தவருகிட்ட சொல்ல முடிஞ்சுது அண்ணே. பை குடுக்க வந்தவங்ககிட்ட எப்புடிச் சொல்றது, அவங்க அடுத்த ஆளுக்குப் போயிருவாங்கல்ல.


பிற்பகல் தாதி எழுதியது:

நான் ஒரு தாதிமை இல்லத்தில் வேலை செய்கிறேன். மேலே சொன்னவர்கள் எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நான் சற்று மாற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்களிடம் குழு குழுவாக வருவார்கள். பாட்டு, நடனம், ஒலிபெருக்கி, படம் எடுப்பது எல்லாம் உண்டு. வருகிறவர்கள் மனசார வருகிறார்கள், ரசிக்கிறார்கள். ஒரே நாளில் மூன்றாவது குழு வரும்போது எங்கள் பெரியவர் ஒருவர் காதுகேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லை. எங்களுக்குத் தேவை அந்த ஐந்து மணிதான்.

பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்கச் சிரமம் இருக்கும். வெறும் தண்ணீர் கூட மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பதால், கெட்டியாக்குகிற மாவு கலந்துதான் கொடுப்போம். நிமிர்ந்து உட்காரவைத்து, நாமும் அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, சின்னக் கரண்டியில் ஒரு வாய். விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்தது. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். முறையாகக் கற்றுக்கொடுத்த பிறகுதான் இதற்குத் தொண்டூழியர்களை விடுவோம். கற்றுக்கொண்ட பத்துப் பேரில் மூன்று மாதம் கழித்து இருப்பவர் ஒருவரோ இருவரோதான். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஈசூன் சகோதரர் பொட்டலம் கட்டுவதை விட்டது போலத்தான் அவர்களும் விட்டார்கள். ஆனால் எல்லாரும் ரசிப்பதை மட்டும் தேடிப் போனால் அந்தக் கரண்டியை யார் பிடிப்பது? அதை நினைத்து எத்தனையோ நாள் வீட்டுக்குப் போகும் பேருந்தில் கண் கலங்கியிருக்கிறேன்.

நிற்கிறவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். எங்களிடம் இருக்கும் ஒரு பெரியவருக்கும் அப்படியே. இவர் ஊட்டிக்கொண்டே முந்தின நாள் ஆட்டத்தைப் பந்து பந்தாகச் சொல்வார். வாயில் உணவு இருக்கும்போது சிரிப்பு வந்தால் புரையேறிவிடும் அல்லவா? அதனால் கரண்டி உள்ளே போனதும் கதையை நிறுத்திவிடுவார். பெரியவர் விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்த பந்து. பந்துக்காகவே அவர் சீக்கிரம் விழுங்கப் பார்ப்பார், இவர் "மெதுவா, மெதுவா, ஓவர் இன்னும் முடியல" என்பார். அந்த முக்கால் மணி நேரம் முடிந்து எழும்போது இருவர் முகத்திலும் ஒரே களைதான் இருக்கும்.

இவருக்கு யாரும் சுவையான வேலையைத் தேடித் தரவில்லை. அந்த வேலைக்குள் தனக்குப் பிடித்ததை அவரே எடுத்துக்கொண்டு போனார். எல்லாருக்கும் அது முடியும் என்று நான் சொல்லவில்லை. ரசிக்க முடியவில்லை என்று ஒன்றை விடுவதற்கு முன் இன்னும் நான்கு வாரம் இருந்து பாருங்கள் என்று மட்டும் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.


ஜூரோங் பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, உன் மேசையில் நாற்காலி எத்தனை? ஒன்றுதான் என்று நினைக்கிறேன், உன் நாற்காலி.

ரிப்பேர் கோப்பித்தியாம் என்று 2014இல் தொடங்கிய ஒரு பழுதுபார்ப்புக் கூட்டம் இருக்கிறது, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். நான் கொஞ்ச வருஷம் அதில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பொருளைக் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்க முடியாது. கொண்டுவந்தவரும் கூட உட்காரவேண்டும். அவர் கையில்தான் ஸ்க்ரூடிரைவர், நாம் விரலால் காட்டுவோம். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய அவஸ்தை. நான் ஐந்து நிமிஷத்தில் முடிப்பதை அவர் 40 நிமிஷம் செய்வார். கை துடிக்கும். பிறகு பழகிவிட்டது. நம் கையில் ஓடுகிற ஃபேனைவிட அவர் கையில் ஓடுகிற ஃபேன் பெரிது என்பது, அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

முதலில் அவரைக் கொண்டு இறக்கையைக் கழற்ற வை. அந்த மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எல்லாரும் இடப்பக்கம் திருப்பித் தோற்பார்கள். அங்கே அவர்கள் ஆர்வம் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி மேசைமேல் கண்ணில் படும்படி வைத்த பிறகுதான் எதையும் தொடவேண்டும். கெப்பாசிட்டரில் மிச்ச மின்சாரம் இருக்கும், அதை வெளியேற்றுவதை மட்டும் நீயே செய். முடித்துக் கொடுப்பதற்கு முன் மின்காப்பைச் சோதித்துவிடு.

அக்கா சொன்னதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அது உங்கள் குடும்பம். அந்த அம்மா ஓடுகிற ஃபேனை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார் என்று மட்டும் போய்க் கேள்.


ஈசூன்வாசி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன், சிவகங்கைத் தம்பி எழுதியதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

முதலில் அக்கா. ஓட்டக்காரத் தங்கை சொன்னபடி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோயில் மடப்பள்ளிக்குப் போனேன். பூசணிக்காய் மலைபோல் குவிந்திருந்தது, சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அக்கா நடுவில். யார் வீட்டுக் கல்யாணத்திலோ சம்பந்தி வீட்டார் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்ன கதையை அக்கா நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அத்தான் போய் மூன்று வருஷமாகிறது. அதன் பிறகு அக்கா அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும், "என்னடா, பசிக்குதா? உட்காரு, வெங்காயம் உரி" என்றார். உரித்தேன். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது அவருடைய முதுகுப்பட்டையை நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

தாதி அம்மா, நீங்கள் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. பொட்டலம் கட்டும் இடத்துக்கு மறுபடி போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன், மாதம் ஒரு சனிக்கிழமை. நான்கு வாரம் பார்க்கச் சொன்னீர்கள், நான்கு மாதம் பார்க்கிறேன்.

இனி 11வது மாடி. பழைய ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி போய்க் கதவைத் தட்டினேன். எனக்கு அரைகுறை மலாய், அவருக்கும் அரைகுறை மலாய், இடையில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆங்கிலம். அன்று அப்படித் தள்ளிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. ஃபேன் நன்றாக ஓடும்போது ஏன் கொண்டுவந்தீர்கள் ஆண்டி என்றேன். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் போட்ட இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக்ராஸ்கோப்.

1970களில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் இங்கே வரிசையாகத் தொழிற்சாலை திறந்த காலம். நம் அம்மாக்கள் தலைமுறைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். இவரும் போயிருக்கிறார், 14 வருஷம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. பிறகு அதே தொழிற்சாலையில் சாலிடரிங் பகுதி. கல்யாணம், பிள்ளைகள் என்று நின்றவர் அதற்குப் பிறகு ஒரு சாலிடரிங் இரும்பைத் தொட்டதில்லை. முதல் தடவை நான் அவர் ஃபேனைத் திறந்தபோது உள்ளே சரியாகப் பார்க்கவில்லையாம், என் தலை மறைத்துவிட்டதாம். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றுதான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

போன ஞாயிறு மேசையில் இரண்டு நாற்காலி போட்டேன், ஒரே பக்கத்தில். 6வது மாடி மலாய்க்கார அக்கா ஒரு மேசை விளக்கு கொண்டுவந்தார், சுவிட்சுக்குள் கம்பி விட்டுப்போயிருந்தது. நான் சாலிடரிங் இரும்பைச் சூடாக்கி ஆண்டி பக்கம் நகர்த்தினேன். எனக்குக் கொஞ்சம் பயம்தான், 76 வயது, கை லேசாக நடுங்குகிறது. அவர் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டார். நடுக்கம் நின்றுவிட்டது. இரும்பை இணைப்பில் வைத்து, இரண்டு எண்ணி, ஈயத்தைத் தொட்டு, எடுத்துவிட்டார். கண்ணாடிபோல ஒரு சொட்டு. என் 25 வருஷ வேலையில் நான் அப்படி வைத்ததில்லை. பிறகு நான் வைத்த ஒன்றைப் பார்த்து, நாக்கைத் தட்டி, "தா பாகுஸ்" என்றார், நன்றாக இல்லையாம். உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மதியம் வரை ஏழு சாமான் முடித்தோம். நான்கு அவருடையது. அந்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் என் வீட்டில் ஓடாமலே கிடக்கிறது, அடுத்த மாதம் அவரோடு சேர்ந்து மறுபடி திறப்பதாக இருக்கிறேன்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். ஈயம் கலக்காத சாலிடர் கம்பி, புகை இழுக்கிற சின்ன விசிறி, விளக்கு பொருத்திய மேசைப் பூதக்கண்ணாடி, இந்த மூன்றும் சிம் லிம் டவரில் எந்த மாடியில் நல்லதாகக் கிடைக்கும்? பூதக்கண்ணாடி, மூக்குக்கண்ணாடியோடு பார்க்க வசதியாக இருக்கவேண்டும். கடைசி ஞாயிற்றுக்குள் வாங்கியாகவேண்டும், அவர் இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.